பெர்ஷியன் பூனைக்குட்டி வாங்கப் போறீங்களா? முகத்துக்கு முன்னாடி அம்மாவைப் பாருங்க!

"45 நாள் குட்டி. டபுள் கோட், செமி பஞ்ச் ஃபேஸ். வேக்சின் ஓவர், லிட்டர் ட்ரெயின்ட். டோக்கன் அமவுன்ட் போட்டீங்கன்னா பஸ்ல அனுப்பிடுறேன்."

பெருங்குடியில் இருக்கும் என் நண்பர் வாட்ஸ்அப்பில் வந்த இந்த மெசேஜையும், கூடவே வந்த 20 விநாடி வீடியோவையும் பார்த்துத்தான் பணம் அனுப்பினார். ஞாயிறு காலை குட்டி வந்தது. அன்று முழுக்க வீடே கொண்டாட்டம். செவ்வாய் சாப்பிடவில்லை. "புது இடம், பழகிக்கும்" என்று விட்டார்கள். புதன் வாந்தி. வியாழன் கிளினிக்கில் டெஸ்ட் கிட்டில் இரண்டு கோடு. வெள்ளி இரவு குட்டி இறந்துவிட்டது.

விற்றவருக்கு போன் செய்தபோது, "நான் குடுக்கும்போது நல்லாத்தானே இருந்துச்சு" என்றார். அவர் சொன்னது பொய்யாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அந்தக் குட்டியைக் கொன்ற வைரஸ் உடலுக்குள் போய் 2 முதல் 10 நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். வீடியோவில் துள்ளி விளையாடும் குட்டிக்குள்ளேயே அது இருந்திருக்கலாம்.

டாக்டர் கேட்டது ஒரே கேள்விதான்: "அம்மா பூனையைப் பார்த்தீங்களா?" நண்பர் பார்க்கவில்லை. பூனைக்குட்டி வாங்கும் பெரும்பாலானோர் பார்ப்பதில்லை. முகம், முடி, கண் நிறம் மூன்றையும் பார்த்து முடிவு எடுத்துவிடுகிறோம். ஆனால் ஒரு குட்டி பிழைக்குமா, பத்து வருஷம் ஆரோக்கியமாக இருக்குமா என்பதை முடிவு செய்வது அந்த மூன்றும் இல்லை. தாயும், தாயோடு அது இருந்த நாட்களும்தான்.

'ஒரிஜினல் பெர்ஷியன்'னா என்ன?

முடி அதிகமாக இருக்கும் பூனை எல்லாம் பெர்ஷியன் ஆகிவிடாது. நம் ஊர் மார்க்கெட்டில் சொல்லும் டால் ஃபேஸ், செமி பஞ்ச், எக்ஸ்ட்ரீம் பஞ்ச் எல்லாம் மூக்கு எவ்வளவு தட்டை என்பதைச் சொல்லும் விற்பனைப் பெயர்கள். அவை இனச் சான்று கிடையாது.

தூய இனம் என்றால், குட்டியின் தாய், தந்தை, அவற்றின் பெற்றோர் எனப் பல தலைமுறைகள் ஒரு பதிவேட்டில் இருக்க வேண்டும். உலக அளவில் இந்தப் பதிவைச் செய்பவை, அமெரிக்காவில் 1906-ல் தொடங்கிய சிஎஃப்ஏ, 1979-ல் தொடங்கிய டிக்கா போன்ற பூனை அமைப்புகள். யாராவது "கேசிஐ சர்டிபிகேட் இருக்கு சார்" என்று சொன்னால் அங்கேயே உஷாராகிவிடுங்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியா நாய்களைப் பதிவு செய்யும் அமைப்பு. பூனைக்கு அது சான்று தராது.

இன்னொரு விஷயம். 'ஹிமாலயன்' என்ற பெயரில் விற்கப்படும் நீலக்கண் பூனைக்கும் இமயமலைக்கும் சம்பந்தம் இல்லை. பெர்ஷியனையும் சியாமீஸையும் கலந்து 20-ம் நூற்றாண்டில் உருவாக்கப்பட்ட வகை அது. "இமயமலையில இருந்து வந்தது" என்று சொல்லி விலை ஏற்றினால் சிரித்துவிட்டு நகரலாம்.

காகிதம் இல்லாத குட்டியை வாங்கவே கூடாதா? அப்படி இல்லை. ஷோவுக்குக் கொண்டு போகப் போவதில்லை என்றால் பதிவுக் காகிதம் உங்களுக்கு அவசியமே இல்லை. ஆனால், காகிதம் இல்லாத குட்டிக்குக் காகிதம் உள்ள குட்டியின் விலையைக் கொடுக்காதீர்கள். அதைவிட முக்கியமாக, மருத்துவக் காகிதத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

45 நாள் குட்டி ஏன் வேண்டாம்?

"சின்னதா இருக்கும்போதே வாங்கினாதான் நம்மகிட்ட ஒட்டும்" என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் நடப்பது வேறு.

பிறந்த குட்டிக்கு நோய் எதிர்ப்புச் சக்தி முதலில் தாயின் சீம்பாலில் இருந்துதான் வருகிறது. அந்தப் பாதுகாப்பு வாரங்கள் போகப் போகக் குறையும். தடுப்பூசி தரும் பாதுகாப்பு அதற்குப் பிறகுதான் முழுதாக எழும். இடையில் ஒரு பள்ளம் இருக்கிறது. தாய் தந்தது தீர்ந்துவிடும், ஊசி தருவது இன்னும் வந்திருக்காது. 45 நாள் என்பது பல குட்டிகள் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கத் தொடங்கும் நேரம். அந்த நேரத்தில் தாயிடம் இருந்து பிரித்து, அட்டைப் பெட்டியில் வைத்து, எட்டு மணி நேரம் பஸ்ஸில் அனுப்பினால் என்ன ஆகும்?

"வேக்சின் ஓவர்" என்பதும் அந்த வயதில் சாத்தியமே இல்லாத வாக்கியம். முதல் ஊசியே 6 முதல் 8 வாரத்தில்தான் தொடங்கும். தாயின் எதிர்ப்புச் சக்தி மிச்சம் இருந்தால் அது அந்த முதல் ஊசியைச் செயலற்றதாக்கவும் கூடும். அதனால்தான் ஒன்றோடு நிறுத்தாமல் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்.

இன்னொன்று பழக்கம். மணலில் மலம் கழிப்பது, கடித்து விளையாடும்போது எவ்வளவு அழுத்தலாம் என்பது, பயந்தால் என்ன செய்வது – இதையெல்லாம் குட்டி தாயிடமும் கூடப் பிறந்தவைகளிடமும்தான் கற்கிறது. சீக்கிரம் பிரிக்கப்பட்ட குட்டிகள் கையைக் கடிப்பதும், துணியைச் சப்புவதும் அதிகம். மனிதரிடம் ஒட்ட வேண்டும் என்றால், விற்பவர் வீட்டிலேயே குட்டியை 2-வது வாரத்தில் இருந்து தினமும் தூக்கிப் பழக்கியிருக்க வேண்டும். கூண்டில் மட்டும் வளர்ந்த குட்டி 45 நாளில் வந்தாலும் மிரளும்.

பிரிட்டனின் பூனைப் பதிவு அமைப்பான ஜிசிசிஎஃப், 13 வாரம் முடிந்த பிறகே குட்டியைப் புது வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறது. நீங்களும் குறைந்தது 12 வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்ற வயசு சரிதானா? நாமளே கண்டுபிடிக்கலாம்

இதற்கு மூன்று வழிகள் உண்டு.

பல்: பால்பற்கள் 26-ம் சுமார் 8 வாரத்துக்குள் வந்துவிடும். பின்பக்கக் கடைவாய்ப் பற்கள் இன்னும் முளைக்கவில்லை என்றால் குட்டி அதைவிடச் சின்னது.

எடை: பிறக்கும்போது சுமார் 100 கிராம் இருக்கும் குட்டி, பொதுவாக மாதத்துக்கு 400 முதல் 450 கிராம் வரை கூடும். 8 வாரக் குட்டி முக்கால் கிலோவுக்கு மேல், 12 வாரக் குட்டி ஒரு கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். சமையலறைத் தராசே போதும். "மூணு மாசம்" என்று சொல்லும் குட்டி 500 கிராம்தான் என்றால், வயது பொய், அல்லது குட்டிக்கு உடம்பு சரியில்லை.

கண்: எல்லாக் குட்டிகளுக்கும் ஆரம்பத்தில் நீலக்கண்தான். 6–7 வாரத்தில் நிறம் மாறத் தொடங்கும். "ப்ளூ ஐஸ், ரேர்" என்று 40 நாள் குட்டிக்குக் கூடுதல் விலை சொன்னால், அந்த நீலம் ஒரு மாதத்தில் போய்விடலாம். ஹிமாலயன் வகைக்கும் சில வெள்ளைப் பூனைகளுக்கும்தான் அது நிலைக்கும்.

நேர்ல போனா என்ன பார்க்கணும்?

கட்டாயம் நேரில் போங்கள். ஒருமுறை இல்லை, முடிந்தால் இரண்டு முறை. "அம்மா வேற இடத்துல இருக்கு" என்றால் திரும்பிவிடுங்கள்.

* தாய்ப் பூனை எலும்பும் தோலுமாக இருக்கிறதா? மனிதரைப் பார்த்து ஒளிகிறதா? அது எத்தனை மாதத்துக்கு ஒருமுறை குட்டி போடுகிறது?
* இடத்தில் சிறுநீர் வாடை மூக்கைத் துளைக்கிறதா? எத்தனை பூனைகள் எத்தனை கூண்டில்?
* குட்டிக்குத் தும்மல், சளி, கண் பீளை இருக்கிறதா? கூடப் பிறந்தவைகளையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்றுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் வரும்.
* மூச்சு விடும்போது சத்தம் வருகிறதா? மூக்குத் துளை கோடு போல மூடியிருந்தால், 'எக்ஸ்ட்ரீம் பஞ்ச்' எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தக் குட்டி ஆயுசு முழுக்கக் காற்றுக்குப் போராடும்.
* முடியை விலக்கிப் பாருங்கள். வட்டமாகச் சொட்டையும் செதிலும் இருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். பெர்ஷியன்களிடம் இது அதிகம். வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒட்டும்.
* காதுக்குள் காபித்தூள் போல அழுக்கு இருந்தால் காதுப் பூச்சி.
* வாலுக்கு அடியில் முடி ஈரமாக, ஒட்டிக்கொண்டு இருந்தால் வயிற்றுப்போக்கு.

தடுப்பூசி அட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஊசி பாட்டிலின் ஸ்டிக்கர், பேட்ச் எண், தேதி, டாக்டரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். "டிக் அடிச்ச அட்டை" எல்லாம் அட்டை இல்லை.

சிறுநீரகத்துல ஒளிஞ்சிருக்கிற பிரச்சினை

பெர்ஷியனுக்கு என்றே ஒரு பரம்பரை நோய் இருக்கிறது. சுருக்கமாக பிகேடி. சிறுநீரகத்தில் பிறவியிலேயே சிறு நீர்க்கட்டிகள் இருக்கும். அவை வருஷக்கணக்கில் மெதுவாகப் பெரிதாகும். பெரும்பாலும் 7 வயதை ஒட்டித்தான் தாகம், எடைக்குறைவு, சோர்வு எனத் தெரியவரும். அதற்குள் சிறுநீரகம் பெருமளவு போயிருக்கும். குணப்படுத்தும் மருந்து கிடையாது.

இதற்குக் காரணமான மரபணுக் கோளாறை லெஸ்லி லயன்ஸ் தலைமையிலான குழு 2004-ல் கண்டுபிடித்தது. அந்தக் காலகட்டத்தில் பல நாடுகளில் சோதித்துப் பார்த்தபோது, பெர்ஷியன்களில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் இந்த நோய் இருந்தது. தாய், தந்தை இரண்டில் ஒன்றுக்கு மட்டும் இருந்தாலே, ஒவ்வொரு குட்டிக்கும் அது வர சரிபாதி வாய்ப்பு.

நல்ல செய்தி என்னவென்றால், தவிர்ப்பது சுலபம். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்து மரபணுச் சோதனை செய்யலாம். அது முடியாவிட்டால், 10 மாதம் தாண்டிய பெற்றோருக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். விற்பவரிடம் "பிகேடி ரிப்போர்ட் இருக்கா?" என்று கேளுங்கள். இல்லை என்றால், "ஸ்கேன் செலவை நான் ஏத்துக்கிறேன், எடுக்கலாமா?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலிலேயே அவர் எப்படிப்பட்டவர் என்பது புரிந்துவிடும்.

மற்ற இனங்களிலும் இதே கதைதான். மெய்ன் கூன், ராக்டால் வாங்குவதாக இருந்தால் இதயத் தசை தடிக்கும் நோய்க்கான சோதனையைக் கேளுங்கள். மடிந்த காதுடன் கொள்ளை அழகாக இருக்கும் ஸ்காட்டிஷ் ஃபோல்டை மட்டும் தவிர்த்துவிடுங்கள். காதை மடிய வைக்கும் அதே மரபணுதான் அதன் மூட்டுகளையும் கெடுக்கிறது. இந்தக் காரணத்துக்காகவே பிரிட்டனில் ஜிசிசிஎஃப் 1970-களிலேயே இந்த இனத்தைப் பதிவு செய்வதை நிறுத்திவிட்டது.

சட்டம் என்ன சொல்லுது?

2018-ல் வந்த மத்திய அரசின் செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி, கடை நடத்துபவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆன்லைனில் விற்பதும் இதில் அடங்கும். இனப்பெருக்கம் செய்து விற்பவர்களுக்கு 2017-ல் தனி விதிகள் வந்தன. ஆனால் அவற்றின் பெயரிலேயே நாய் மட்டும்தான் இருக்கிறது. அதனால் வீட்டில் வைத்துப் பூனை விற்பவரை எடைபோடும் வேலை பெரும்பாலும் உங்கள் தலையில்தான்.

பதிவுச் சான்று கேளுங்கள். பணம் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். "7 நாளுக்குள் டாக்டர் பரிசோதனையில் தொற்று நோய் தெரிந்தால் பணம் திருப்பித் தரப்படும்" என்று ஒரு வரியாவது எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுப்பவருக்கு டோக்கன் அனுப்பாதீர்கள்.

வீட்டுக்கு வந்தாச்சு. முதல் வாரம் எப்படி?

முழு வீட்டையும் திறந்துவிடாதீர்கள். ஒரே ஒரு அறை. ஒரு மூலையில் மணல் தட்டு, எதிர் மூலையில் சாப்பாடும் தண்ணீரும், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப் பெட்டி. விற்றவர் என்ன சாப்பாடு கொடுத்தாரோ அதையே ஒரு வாரம் கொடுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம். வந்ததும் குளிப்பாட்டுவது வேண்டவே வேண்டாம்.

48 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால், இரண்டு வாரமாவது தனித்தனியாக வையுங்கள். குட்டி சாப்பிடாமல் சுருண்டு கிடந்தால், வாந்தி எடுத்தால், காலை வரை காத்திருக்காதீர்கள். நண்பர் வீட்டில் நடந்தது பான்லூகோபீனியா. பூனைகளின் பார்வோ என்றும் சொல்வார்கள். வெள்ளை அணுக்களை அழித்து, குடலைச் சிதைக்கும் வைரஸ் இது. சிகிச்சை என்பது ட்ரிப்ஸும் காலத்தோடு போட்டியும்தான். ஒரு நாள் முன்னால் போவது உயிரைக் காப்பாற்றலாம்.

தடுப்பூசி அட்டவணை சுருக்கமாக: பான்லூகோபீனியா உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான ட்ரைகேட் ஊசி 8, 12, 16 வாரங்களில். 6 மாதத்தை ஒட்டியோ ஒரு வயதிலோ ஒரு பூஸ்டர். ரேபிஸ் ஊசி 12 வாரத்துக்குப் பிறகு. குடற்புழு நீக்க மருந்தை எடை பார்த்து டாக்டர் சொல்வார்.

தயிர்சாதம் போதுமா?

போதாது. பூனை மாமிசம் தின்றே வாழும் உயிர். டாரின் என்ற சத்தை அது உணவில் இருந்துதான் போதுமான அளவு பெற முடியும். குறைந்தால் பார்வையும் இதயமும் கெடும் என்பதை 1980-களின் ஆய்வுகள் உறுதி செய்தன. பால் பல பூனைகளுக்குச் செரிக்காது.

இன்னொரு பக்கம், "நாங்க வெறும் சிக்கன்தான் குடுக்கிறோம்" என்பதும் தவறு. எலும்பில்லாத வேகவைத்த சிக்கனில் கால்சியம் கிட்டத்தட்ட இல்லை. அதை மட்டுமே தின்று வளரும் குட்டிகளுக்கு எலும்பு மெலிந்து, சோஃபாவில் இருந்து குதித்தாலே கால் முறிகிறது. ஒரு வயது வரை 'கிட்டன்' என்று குறிப்பிட்ட முழுமையான உணவுதான் அடிப்படை. சிக்கனும் மீனும் மேலுக்கு. உலர் உணவு கொடுத்தால் தண்ணீர்க் கிண்ணங்களை இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள்.

முடி, கண், வெயில்

பெர்ஷியனுக்குத் தினமும் 10 நிமிஷம் சீப்பு போட வேண்டும். இரண்டு நாள் விட்டால் அக்குளிலும் வயிற்றிலும் முடிச்சு விழும். தட்டை முகத்தில் கண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும் என்பதால், ஈரப் பஞ்சால் தினமும் துடைக்க வேண்டும். இந்தப் 15 நிமிஷம் உங்கள் நாளில் இல்லை என்றால் குட்டை முடிப் பூனை எடுப்பதே நல்லது.

சென்னையின் மே மாதம் இந்தப் பூனைக்கு ஆனதில்லை. ஆபீஸ் போகும்போது ஜன்னல் மூடிய அறையில் விட்டுப் போகாதீர்கள். பூனை நாய் போல வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், உடனே குளிர்ந்த இடத்துக்குக் கொண்டுபோய், காதையும் பாதத்தையும் ஈரமாக்கிவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். அடுக்குமாடி என்றால் பால்கனிக்கும் ஜன்னலுக்கும் வலை அடித்த பிறகே குட்டியைக் கொண்டுவாருங்கள்.

பெண் குட்டிகள் 4–6 மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். 5-வது மாதத்திலேயே டாக்டரிடம் கருத்தடை பற்றிப் பேசிவிடுங்கள். "ஒரு தடவை குட்டி போடட்டும்" என்பது உடம்புக்கு நல்லது என்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

இதெல்லாம் விஷம்

* பாராசிட்டமால். பாதி மாத்திரைகூடக் கொல்லும். காய்ச்சல் என்று நீங்களாக மருந்து கொடுக்காதீர்கள்.
* பினாயில். துடைத்த தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே போதும்.
* நாய்க்கான உண்ணி மருந்து. பலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு ஆகாது.
* லில்லிப் பூ. பர்த்டே பொக்கேயில் இருந்தால் எடுத்துவிடுங்கள். மகரந்தத்தை நக்கினால்கூடச் சிறுநீரகம் பழுதாகும்.
* வெங்காயம், பூண்டு, பாச்சை உருண்டை.

கடைசியா ஒரு கணக்கு

வீட்டுக்குள் வளரும் பூனை 15 வருஷம் வாழலாம். உங்களுக்கு இப்போது 27 வயது என்றால், உங்கள் 42 வயது வரை. வேலை மாறும், வீடு மாறும், கல்யாணம் ஆகும், குழந்தை பிறக்கும். குட்டியின் விலை இந்தக் கணக்கில் சின்னத் தொகை. சாப்பாடு, மணல், ஊசி, டாக்டர் என மாதாமாதம் வருவதுதான் பெரியது. அதற்கான பட்ஜெட்டை முதலில் போடுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒரு பெரிய துணை.

பூனைதான் வேண்டும், இனம் முக்கியமில்லை என்றால், உங்கள் தெருவிலேயே ஒரு குட்டி இருக்கலாம். நம் வெயிலுக்குப் பழகிய உடம்பு. பிகேடி பயம் மிகக் குறைவு. அதே ஊசி, அதே சாப்பாடு, அதே அன்பு போதும்.

நண்பர் உடனே அடுத்த குட்டி வாங்கவில்லை. பான்லூகோபீனியா வைரஸ் வீட்டுக்குள் ஒரு வருஷம் வரை உயிரோடு இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாத்திரம், மணல் தட்டு, படுக்கை எல்லாவற்றையும் தூக்கிப் போட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து தரையைத் துடைத்து, அதன் பிறகும் ஒரு வருஷம் காத்திருந்தார். இரண்டாவது முறை மூன்று வீடுகளுக்கு நேரில் போனார். இரண்டில் தாயைக் காட்டவில்லை. மூன்றாவது வீட்டில், கதவைத் திறந்ததும் முதலில் வந்து காலில் உரசியதே தாய்தான். ஸ்கேன் ரிப்போர்ட்டும் ஃபைலில் இருந்தது. 16-வது வார ஊசியும் முடியட்டும் என்று கேட்டுக்கொண்டு, அதன் பிறகே குட்டியைக் கூட்டிவந்தார்.

"மூக்கு கொஞ்சம் நீளம்தான்" என்கிறார். "மூச்சு நல்லா விடுது."